பழைய கணினிக்குப் புதிய திரை

மண்ணச்சநல்லூரைச் சுற்றி அரிசி ஆலைகள் அதிகம். அப்படி ஓர் ஆலையின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர், சென்ற கல்வியாண்டில் ஒருநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த நேரத்தில் பெரிய அட்டைப்பெட்டியோடு பள்ளிக்கு வந்தார். உள்ளே 21.5 அங்குலப் புதிய மானிட்டர். "நான் ஆறாவது படிக்கிறப்ப இந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பாக்கவே வரிசையில நிப்போம் சார். திரை போயிடுச்சுன்னு தம்பி சொன்னான். அதான்..." என்று பெட்டியை மேசையில் வைத்தார்.

எங்களுடையது நடுநிலைப்பள்ளி. நான் கணிதம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். கணினியை முறையாகப் படித்தவன் அல்லன். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தைக் கவனிக்க ஆள் இருக்கிறது. ஆனால் வகுப்பறை மூலையில் பல ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மேசைக் கணினிக்கு நாம்தான் ஆள். அதன் 15 அங்குலத் திரை பழுதாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. புதிய திரை வந்த மகிழ்ச்சியில் பெட்டியைப் பிரித்தோம். பழைய கேபிளை எடுத்தோம். அது புதிய திரையில் எங்குமே பொருந்தவில்லை.

அன்று தொடங்கி இரண்டு வாரங்களில் நாங்கள் செய்த தவறுகளும் கற்றுக்கொண்டவையும்தான் இந்தக் கட்டுரை. நன்கொடையாகவோ பள்ளி மானியத்திலோ புதிய திரை வாங்கும் எந்தப் பள்ளியிலும் இதே சிக்கல் வரலாம் என்பதால் பகிர்கிறேன்.

பொருந்தாத போர்ட்டுகள்

எங்கள் சிபியுவின் பின்புறம் இருந்தது நீல நிற விஜிஏ போர்ட் மட்டுமே. மூன்று வரிசையில் 15 துளைகள், இருபுறமும் திருகு. புதிய திரையில் இருந்தவையோ எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய இரண்டுதாம்.

விஜிஏ என்பது 1987இல் ஐபிஎம் நிறுவனம் தன் பிஎஸ்/2 கணினிகளோடு அறிமுகப்படுத்திய முறை. அக்காலத்துத் திரைகள் பின்பக்கம் புடைத்த படக்குழாய்த் திரைகள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் எவ்வளவு பிரகாசமாக ஒளிர வேண்டும் என்பதைச் சுழியிலிருந்து ஏறத்தாழ 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும் மின்னழுத்தமாக விஜிஏ கேபிள் அனுப்புகிறது. பாதரச வெப்பமானியில் பாதரச மட்டம் தொடர்ச்சியாக ஏறி இறங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். எச்டிஎம்ஐ முறையின் முதல் விதிமுறை 2002இல் வெளியானது. அது படத்தை 0, 1 என்ற எண்களாக அனுப்புகிறது. இலக்கமுறை வெப்பமானி 98.6 என்று எண்ணாகக் காட்டுவதைப் போல. டிஸ்ப்ளேபோர்ட் 2006இல் வந்தது. 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி உள்ளிட்ட நிறுவனங்கள் 2015க்குள் விஜிஏவைக் கைவிடப்போவதாகக் கூட்டாக அறிவித்தன.

ஆகவே எங்கள் கணினியும் கெட்டுப்போகவில்லை, திரையிலும் குறையில்லை. இரண்டும் வெவ்வேறு மொழி பேசின. இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அவர் பெயர் கன்வெர்ட்டர்.

அம்புக்குறியைப் பார்த்த மாணவி

அடுத்த சனிக்கிழமை சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு கடையில் "விஜிஏ, எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் குடுங்க" என்று கேட்டு வாங்கி வந்தேன். திங்களன்று மாட்டினோம். எல்லாம் பொருந்தியது போலத் தோன்றியது. திரையில் ‘நோ சிக்னல்’ என்று வந்ததே தவிர படம் வரவில்லை. கேபிளைக் கழற்றினேன், மாட்டினேன், கணினியை அணைத்துப் போட்டேன். பயனில்லை.

தலைமையாசிரியர் வந்து பார்த்தார். "சார், ரொம்பப் பழைய கம்ப்யூட்டர். கழிவுல எழுதிடலாமா?" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்கியிருந்தது. "ரெண்டு நாள் குடுங்க மேடம்" என்றேன்.

அப்போது பக்கத்தில் நின்ற எட்டாம் வகுப்பு மாணவி, கன்வெர்ட்டரின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "சார், இதுல எச்டிஎம்ஐலேருந்து விஜிஏ பக்கம் அம்பு போட்டிருக்கு. நம்மளுக்கு விஜிஏலேருந்து எச்டிஎம்ஐக்குத்தானே போகணும்?"

அவள் சொன்னதுதான் சரி. கன்வெர்ட்டர் ஒருவழிப்பாதை. நான் வாங்கியது புதிய மடிக்கணினியைப் பழைய திரையோடு இணைப்பதற்கானது. எங்களுக்குத் தேவைப்பட்டது அதற்கு நேர் எதிரானது. ஏறி இறங்கும் மின்னழுத்தத்தை அளந்து எண்ணாக மாற்ற ஒரு சில்லும் அது இயங்க மின்சாரமும் வேண்டும். அதனால் விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் கருவிகளில் பொதுவாக யுஎஸ்பி வால் ஒன்று இருக்கும். அதைக் கணினியின் யுஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டும். ஒருபுறம் விஜிஏ முனையும் மறுபுறம் எச்டிஎம்ஐ முனையும் கொண்ட வெறும் கேபிளை நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கடையில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: "கணினியில் விஜிஏ, திரையில் எச்டிஎம்ஐ. அதற்கான கன்வெர்ட்டர் வேண்டும்." எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொன்னால் தவறு நேராது. சில நூறு ரூபாய்ப் பொருள்தான். ஆனால் திசை மாறியதால் ஒரு நல்ல கணினியைக் கழிவுப் பட்டியலில் எழுதத் துணிந்தோம் என்பதை மறக்க முடியவில்லை.

‘பல்’ எப்படிப் ‘பல’ ஆனது?

சரியான கன்வெர்ட்டர் வந்ததும் படம் வந்தது. வகுப்பே கைதட்டியது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் பெரிய தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது.

மூன்றாம் வகுப்பு ஆசிரியர் தன் மாணவர்களை அழைத்துவந்து, திரையில் சிறு சிறு தொடர்களைக் காட்டிப் படிக்க வைத்தார். ஒரு சிறுவன் ‘பல் துலக்கு’ என்பதைப் ‘பல துலக்கு’ என்று படித்தான். ‘மண்’ என்பதை ‘மண’ என்றான். ஆசிரியருக்கு வருத்தம். "மொட்டு நிலைக்கு வந்துட்டான்னு நெனச்சேன் சார். மறுபடியும் அரும்புல வச்சுத்தான் மெய்யெழுத்துச் சொல்லிக் குடுக்கணும் போல" என்றார். எண்ணும் எழுத்தும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு இந்தச் சொற்களின் கனம் தெரியும்.

நான் சிறுவன் அமர்ந்திருந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எனக்கும் ‘பல’ என்றுதான் தெரிந்தது! லகரத்தின் மேலிருந்த புள்ளி மங்கிக் கரைந்திருந்தது. அவனுடைய புத்தகத்தில் அதே தொடரைக் காட்டினோம். "பல் துலக்கு" என்று தடையில்லாமல் படித்தான்.

குழந்தை சரியாகத்தான் படித்தான். திரைதான் தவறாக எழுதியிருந்தது.

காரணம் இதுதான். இன்றைய தட்டைத் திரைகளில் படப்புள்ளிகளின் எண்ணிக்கை தயாரிப்பிலேயே நிலையாகிவிடுகிறது. எங்கள் திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080. மொத்தம் 20,73,600 புள்ளிகள். கணினியோ பழைய திரைக்கு அனுப்பிய 1024 × 768 அளவிலேயே படத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. மொத்தம் 7,86,432 புள்ளிகள்தாம். அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 1024க்கும் 1920க்கும் உள்ள விகிதம் 8 : 15.

8 புள்ளி அகலத்தில் போட்ட கோலத்தை, 15 புள்ளி வைத்த வாசலில் விளிம்பு முதல் விளிம்பு வரை நிரப்பிப் போடச் சொன்னால் என்ன ஆகும்? ஒவ்வொரு பழைய புள்ளியும் 1.875 புதிய புள்ளிகளில் உட்கார வேண்டும். முக்கால் புள்ளி, அரைப் புள்ளி என்று தரையில் வைக்க முடியாது. அதனால் திரை அருகருகே உள்ள புள்ளிகளுக்கு நிறத்தைப் பங்குபோட்டுக் கொடுக்கிறது. கறுப்பு சாம்பலாகிறது, கூர்மை மங்குகிறது. தமிழில் இதற்கு முதலில் பலியாவது மெய்யெழுத்தின் தலைப்புள்ளி. ழகர ளகரத்தின் வளைவுகளும் இகர ஈகார விசிறிகளும் அடுத்து மங்கும்.

தீர்வு எளிது. திரையின் இயல்பான அளவையே கணினியிலும் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10இல் முகப்புத் திரையில் வலது சொடுக்கி, ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ சென்றால் ‘டிஸ்ப்ளே ரெசல்யூஷன்’ பட்டியல் வரும். ‘ரெக்கமெண்டட்’ என்று குறித்திருப்பதே பெரும்பாலும் சரியான அளவு.

எங்கள் கணினியில் அந்தப் பட்டியலில் 1920 × 1080 வரவில்லை. ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியைத் திறந்து பார்த்தபோது ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தது. முன்பு ஒருமுறை விண்டோஸை மீண்டும் நிறுவியபோது, கிராபிக்ஸ் டிரைவரைப் போடாமல் விட்டிருக்கிறோம். கணினியின் மதர்போர்டு மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய டிரைவரை நிறுவியதும் பட்டியல் நீண்டது. 1920 × 1080ஐத் தேர்ந்தெடுத்தோம். லகரத்தின் தலையில் புள்ளி தெளிவாக வந்து உட்கார்ந்தது.

வேறு இரண்டு காரணங்களும் உண்டு. திரை தன்னால் முடிந்த அளவுகளைக் கேபிளின் சில ஊசிகள் வழியே கணினிக்குத் தெரிவிக்கிறது. விஜிஏவில் 12, 15 ஆகிய எண் ஊசிகள் இதற்கானவை. மலிவான கேபிளில் அவை இல்லாமலோ உடைந்தோ இருந்தால், கணினி எதிரில் இருக்கும் திரையை அடையாளம் காணாது. இன்னொன்று, சில பழைய கிராபிக்ஸ் சில்லுகள் 8ஆல் மீதியின்றி வகுபடும் அகலத்தை மட்டுமே ஏற்கும். 1366 × 768 திரையை இணைத்தால் பட்டியலில் 1360 × 768 என்று வருவது இதனால்தான். அது பிழையன்று, அதையே தேர்ந்தெடுக்கலாம்.

வட்டம் நீள்வட்டமானால்

கணித ஆசிரியர்களுக்கு இதில் ஒரு பரிசு இருக்கிறது. அளவைச் சரிசெய்வதற்கு முன் ஜியோஜீப்ராவில் ஒரு வட்டம் வரைந்திருந்தேன். அது படுத்திருக்கும் முட்டை போலத் தெரிந்தது. "இது வட்டமே இல்ல சார்" என்றார்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள். அளவுகோலைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். உயரம் 9 செ.மீ., அகலம் 12 செ.மீ.

ஏன் சரியாக 4 : 3 வருகிறது? கணினி அனுப்பிய படத்தின் வடிவம் 4 : 3. திரையின் வடிவம் 16 : 9. பதினாறின் கீழ் ஒன்பதை, நான்கின் கீழ் மூன்றால் வகுத்தால் மீண்டும் நான்கின் கீழ் மூன்று. படம் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு இழுபட்டிருந்தது. பாடநூலில் உள்ள விகிதம் திரையில் உயிரோடு நின்றது. அளவைச் சரிசெய்தபின் மீண்டும் அளந்தோம். அகலமும் உயரமும் சமம்.

அப்படியே பிதாகரஸ் தேற்றத்தையும் தொட்டுவிட்டோம். திரையின் அளவு என்பது மூலைவிட்டத்தின் நீளம். எங்கள் பழைய 15 அங்குலத் திரை 4 : 3 வடிவம், எனவே உயரம் 9, அகலம் 12 அங்குலம். 9, 12, 15! கடைகளில் கிடைக்கும் 18.5 அங்குல அகலத் திரையின் உயரத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9.1 அங்குலம்தான். அங்குலம் கூடினாலும் உயரம் கூடவில்லை. புதிய திரை வாங்கும் பள்ளிகள் இதை நினைவில் வைப்பது நல்லது.

எழுத்தைப் பெரிதாக்கும் சரியான வழி

இயல்பான அளவில் வைத்ததும் எழுத்துகள் தெளிவாயின. கூடவே சிறியவையும் ஆயின. கடைசி வரிசைக் குழந்தைக்குத் தெரியவில்லை. நம்மில் பலர் இந்த இடத்தில்தான் ரெசல்யூஷனை மீண்டும் குறைத்துவிடுகிறோம். பெரிதாகத் தெரியும், ஆனால் புள்ளி மறுபடி மங்கும்.

அதற்குப் பதில் ரெசல்யூஷனைத் தொடாமல், அதே பக்கத்தில் உள்ள ‘ஸ்கேல்’ அளவை 125 அல்லது 150 விழுக்காடாக மாற்றுங்கள். உலாவியில் கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கூட்டல் குறியை அழுத்தினாலும் எழுத்து பெரிதாகும். இவை எழுத்தைக் கூடுதல் புள்ளிகளால் புதிதாக வரைகின்றன, மங்கல் வராது.

ஓசையும் வேகமும்

விஜிஏ கேபிளில் ஓசை செல்லாது. எனவே ஸ்பீக்கரை எப்போதும்போல் சிபியுவின் பச்சைத் துளையிலேயே செருகினோம். எச்டிஎம்ஐ உள்ள கணினியில் இதற்கு எதிரான சிக்கல் வரும்: திரையை இணைத்ததும் ஓசை திரைக்குப் போய்விடும், அந்தத் திரையில் ஸ்பீக்கர் இல்லையென்றால் வகுப்பு அமைதியாகிவிடும். கீழ்ப்பட்டையில் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி ஒலி வெளியேறும் இடத்தை மாற்றினால் போதும்.

புதிய திரை கணினியின் வேகத்தைக் கூட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காணொலிப் பாடங்கள் விட்டுவிட்டு ஓடினால், காணொலியின் தரத்தை 720 அல்லது 480 என்று குறையுங்கள். திரையின் ரெசல்யூஷனைக் குறைக்க வேண்டியதில்லை.

உங்கள் பள்ளியில் எது?

வாங்குவதற்கு முன் சிபியுவின் பின்புறத்தையும் திரையின் பின்புறத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இவற்றோடு ஒப்பிடுங்கள்.

• கணினியிலும் திரையிலும் விஜிஏ: நேரடிக் கேபிள் போதும். படம் ஒருபுறம் நகர்ந்தோ நடுங்கியோ தெரிந்தால் திரையில் உள்ள ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்துங்கள்.

• கணினியில் விஜிஏ மட்டும், திரையில் எச்டிஎம்ஐ மட்டும்: யுஎஸ்பி மின்சாரம் பெறும் கன்வெர்ட்டர் வேண்டும். எங்கள் நிலை இதுதான்.

• கணினியில் டிவிஐ, திரையில் எச்டிஎம்ஐ: இரண்டும் எண்முறை என்பதால் பெரும்பாலும் எளிய கேபிளே போதும். ஓசைக்குத் தனி ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளுங்கள்.

• கணினியில் எச்டிஎம்ஐ, திரையில் அல்லது புரொஜெக்டரில் விஜிஏ மட்டும்: நான் முதலில் தவறாக வாங்கிய கன்வெர்ட்டர் இங்குதான் சரி. அதை இப்போது மடிக்கணினியைப் பழைய புரொஜெக்டரோடு இணைக்கப் பயன்படுத்துகிறோம்.

• கணினியில் டிஸ்ப்ளேபோர்ட், திரையில் எச்டிஎம்ஐ: எளிய அடாப்டர் பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக, அதற்கென்றே உள்ள கன்வெர்ட்டர் தேவை.

• சிபியுவில் இரண்டு இடங்களில் திரைப் போர்ட்டுகள் இருந்தால், தனியாகப் பொருத்திய கிராபிக்ஸ் அட்டையின் போர்ட்டில் செருகுங்கள். அட்டை இருக்கும்போது மதர்போர்டின் போர்ட் பல கணினிகளில் இயங்காது.

திரை கறுப்பாகவே இருந்தால்

திரை காட்டும் வாசகத்தைப் படியுங்கள். ‘நோ சிக்னல்’ என்றால் படம் வந்து சேரவில்லை. கேபிள், கன்வெர்ட்டரின் மின்சாரம், திரையின் ‘இன்புட்’ தேர்வு ஆகியவற்றைப் பாருங்கள். ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ அல்லது ‘இன்புட் நாட் சப்போர்ட்டட்’ என்றால் படம் வருகிறது, ஆனால் திரை ஏற்காத அளவில் வருகிறது. பழைய படக்குழாய்த் திரைக்காக 75 அல்லது 85 ஹெர்ட்ஸ் வைத்திருந்த கணினிகளில் இது நேரும். வேறொரு திரையை இணைத்து 60 ஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, புதியதை இணையுங்கள்.

அறிவியல் சோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுவோம் அல்லவா? அதே முறைதான் இங்கும். முதலில் திரையை மட்டும் ஒரு மடிக்கணினியோடு இணைத்துச் சோதியுங்கள். பிறகு கேபிளை மட்டும் மாற்றுங்கள். பிறகு கன்வெர்ட்டர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. இணைக்கும்போதும் கழற்றும்போதும் மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். மாணவர்கள் உதவுவதாக இருந்தால் ஆசிரியர் உடன் இருங்கள்.

பழைய திரையை என்ன செய்வது?

படக்குழாய்த் திரை இருந்தால் அதன் உறையைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். கண்ணாடியில் ஈயம் உண்டு. எடைக்குப் போட்டு உடைக்க விடுவது ஆபத்து. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சேர வேண்டும். இருப்புப் பதிவேட்டில் பதிந்து, உரிய அலுவலரின் ஒப்புதலோடு கழிவு நீக்கம் செய்யுங்கள். புதிய திரையோடு கன்வெர்ட்டரையும் பதிவேட்டில் ஏற்ற மறக்காதீர்கள். அது தொலைந்தால் திரையும் கணினியும் மீண்டும் பேசாமல் போய்விடும்.

எங்கள் கணினி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிபியுவின் பின்புறம் எந்தக் கேபிள் எதற்கு என்று எழுதிய சீட்டுகளை அந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள். மூன்றாம் வகுப்புச் சிறுவனை அரும்பு நிலைக்கு மாற்றவில்லை. அவன் ஆசிரியர் இப்போது எந்தப் பாடத்தைத் திரையில் காட்டுவதற்கு முன்பும் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்க்கிறார். நானும் அப்படியே செய்கிறேன். அரை நிமிடம்தான் ஆகிறது. நீங்களும் நாளை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், ‘பல்’ உங்களுக்குப் ‘பல்’ என்றே தெரிகிறதா என்று.